போலி ப்ளேயும் முஸ்தபா கேமும்

பான்ல படிக்கிறேன்னு சொன்னா, "அங்கே பீடா கிடைக்குமா"ன்னு கேட்கிற சொந்தக்காரங்க எனக்கு நிறைய. கிடைக்காது மாமா. பீத்தோவன் பிறந்த வீடு இருக்கு. ஹரிபோ மிட்டாய் பிறந்ததும் இங்கேதான், 1920-ல. ஹான்ஸ் ரீகல்ங்கிற முதலாளி பேரையும் பான்ங்கிற ஊர் பேரையும் தலைப்பக்கம் நறுக்கி ஒட்டினா ஹரிபோ. இந்த ரெண்டையும் ஊர் சுத்திக் காட்டுறவங்க மூச்சு விடாம சொல்வாங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. மேற்கு ஜெர்மனியில வீடியோ கேமுக்கு முதல் பூட்டு போட்டது இந்த ஊர்லதான்.

இந்தப் பதிவு பழைய ஆர்கேட் கேம்களைத் தேடிப் பிடிச்சு மறுபடியும் ஓட வைக்கிறவங்களைப் பத்தினது. ஆர்கேட்னா பயப்பட வேண்டாம். காசு போட்டா ஓடுற ஆளுயரப் பெட்டி, அவ்வளவுதான். நம்ம ஊர்ல "வீடியோ கேம் கடை"ன்னு சொல்வோமே, அந்தக் கடைக்குள்ள இருந்தது. சேகரிக்கிறவங்கன்னாலே தபால்தலை, பழைய நாணயம், மிஞ்சிப் போனா சினிமா பாட்டுப் புத்தகம்னு நினைச்சிட்டிருந்த எனக்கு, ரெண்டு பேர் சேர்ந்தாதான் தூக்க முடியுங்கிற பெட்டியை வேன்ல ஏத்தி வீட்டு நிலவறையில இறக்கி வச்சுக் கொஞ்சுற ஜெர்மன்காரங்களைப் பார்த்து முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு. இவங்க காப்பாத்துறது எதை? பெட்டியையா? உள்ளே ஓடுற கேமையா? இல்லை, அந்தப் பெட்டியைச் சுத்தி நின்ன கூட்டத்தையா?

அதுக்குப் பதில் தேடப் போனதுல பான், கெம்னிட்ஸ், பெர்லின், மன்னார்குடின்னு நாலு ஊர் சுத்த வேண்டியதாப் போச்சு. வாங்க.

*

அப்போ மேற்கு ஜெர்மனிக்குத் தலைநகரம் பான். இளைஞர்களுக்குக் கேடு செய்யுற எழுத்துகளைக் கண்காணிக்க ஒரு மத்திய ஆபீஸ் இங்கே இருந்துச்சு. 1954-ல ஆரம்பிச்சது. கொஞ்ச காலம் புத்தகம், பத்திரிகைன்னு பார்த்துக்கிட்டிருந்தவங்க முன்னாடி 1984 டிசம்பர்ல மூணு கேம் வந்து நின்னுச்சு: ரிவர் ரெய்டு, பேட்டில்ஸோன், ஸ்பீட் ரேசர். மூணையும் பட்டியல்ல ஏத்திட்டாங்க. வீடியோ கேம் அந்தப் பட்டியல்ல ஏறினது அதுதான் முதல் தடவை.

பட்டியல்ல ஏறினா முழுத் தடை கிடையாது. ஆனா விளம்பரம் பண்ணக் கூடாது, கடை அலமாரியில வெளியே வைக்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது. கேட்டு வாங்குற பெரியவங்களுக்கு மட்டும் கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். நம்ம ஊர் மளிகைக் கடையில சில சமாச்சாரங்களைப் பேப்பர்ல சுத்திக் கொடுப்பாங்களே, அந்த மாதிரி.

ரிவர் ரெய்டு விளையாடியிருக்கீங்களா? 1982-ல ஆக்டிவிஷன் கம்பெனிக்காக கேரல் ஷா எழுதினது. கேம் எழுதுற வேலைக்கு வந்த முதல் பெண்கள்ல ஒருத்தர் அவர். ஒரு குட்டி விமானம், நீல ஆறு, பச்சைக் கரை, குறுக்கே வர்ற கப்பலும் ஹெலிகாப்டரும். இன்னைக்கு அதைப் பார்த்தா எல்.கே.ஜி. பையன் வரைஞ்ச படம் மாதிரி இருக்கும். அதை விளையாடுற பசங்களுக்கு உடம்பு இறுகும், கோபம் வரும், தலைவலி வரும், போர்ப் பயிற்சி மாதிரி ஆகிடும்னு தீர்ப்புல எழுதினாங்க. 2002-ல தான் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. 18 வருஷ வனவாசம்!

இது வீட்டுல டிவியில மாட்டி ஆடுற கேசட்டுகளுக்கு. பெட்டி கேம்களுக்கு அடுத்த வருஷமே அடி விழுந்துச்சு. 1985 பிப்ரவரி 25 தேதியிட்டு, ஏப்ரல் 1-லேர்ந்து அமலுக்கு வந்த இளைஞர் பாதுகாப்புச் சட்டம். ரைன் ஆத்தங்கரையில இருந்த பாராளுமன்றத்துல நிறைவேத்தினது. கேம் மண்டபத்துக்குள்ள 18 வயசுக்குக் கீழே நுழைய முடியாது. மத்த இடங்கள்ல இருக்கிற திரை கேம் பெட்டிகள்ல, காசு கொடுத்து ஆடுறதா இருந்தா, 16 வயசுக்குக் கீழே உள்ளவங்க அப்பா அம்மா மாதிரி பொறுப்பான பெரியவங்க இல்லாம தொடக் கூடாது. பசங்க நடமாடுற தெருவோரத்துலயும், ஆள் கண்காணிக்காத வாசல், நடைபாதையிலயும் பெட்டியை வைக்கவே கூடாது.

அந்தக் "காசு கொடுத்து"ங்கிற சொல்லைக் கவனிச்சு வச்சுக்குங்க. பின்னாடி வரும்.

விளைவு என்னன்னா, பசங்க போயிட்டாங்க, பெட்டிகள் சூதாட்ட மெஷின்களோட ஒரே கூரைக்குக் கீழே ஒதுங்கிடுச்சு. இன்னைக்கும் ஜெர்மனியில "ஷ்பீல்ஹாலே"ன்னு போர்டு போட்ட கடையைப் பார்த்தா, ஜன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருப்பாங்க. உள்ளே காசு போட்டுக் காசு எடுக்கிற மெஷின்தான் இருக்கும். 2003 ஏப்ரல்ல புதுச் சட்டம் வந்து, வயசு முத்திரை குத்தின பெட்டியில அந்தந்த வயசுப் பசங்க ஆடலாம்னு தளர்த்தினாங்க. ஆனா அதுக்குள்ள வீட்டுக்கு வீடு ப்ளேஸ்டேஷன் 2 வந்தாச்சு. கதவைத் திறந்தப்போ வெளியே யாரும் காத்துக்கிட்டு இல்லை.

அந்த ஆபீஸ் 2021-ல பேரு மாத்திக்கிட்டு இன்னும் பான்லதான் ஓடுது, ரோக்குஸ் தெருவுல. இதை நான் கிண்டலுக்குச் சொல்லலை. பான் பாராளுமன்றம் சட்டம் போட்டுச் சொன்ன அதே விஷயத்தை எங்கம்மா விளக்குமாத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னாங்க. "வீடியோ கேம் கடைப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்." உலகம் பூரா பெரியவங்களுக்கு அந்த இருட்டுக் கடையைப் பார்த்தா ஒரே பயம்தான் போல :-)

*

இப்போ சுவருக்கு அந்தப் பக்கம் போவோம்.

மேற்குல பசங்களைப் பெட்டிகிட்டேர்ந்து துரத்தின அதே நேரத்துல, கிழக்கு ஜெர்மனி அரசாங்கமே பசங்களுக்குன்னு ஒரு பெட்டி செஞ்சுது. 1986. கார்ல் மார்க்ஸ் ஷ்டாட்ங்கிற ஊர்ல இருந்த பாலிடெக்னிக்ங்கிற அரசுத் தொழிற்சாலை. அந்த ஊருக்கு 1990-ல பழைய பேரையே திருப்பி வச்சுட்டாங்க, கெம்னிட்ஸ். பெட்டியோட பேரு ஆங்கிலத்துல பாலி ப்ளே. ஆனா ஜெர்மன்காரங்க வாயில "போலி ப்ளே"ன்னுதான் வரும். முதல் தடவை காதுல விழுந்தப்போ எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. ஏன்னா பேருக்கு ஏத்த மாதிரிதான் கதையும்.

உள்ளே இருக்கிற மூளை யு880. அமெரிக்காவோட ஸைலாக் கம்பெனி 1976-ல விட்ட இஸட்80 சிப்பைப் பார்த்து, யார்கிட்டயும் கேட்காம கிழக்கு ஜெர்மனியில பண்ணின நகல். திரைக்குப் பதிலா வீட்டு கலர் டிவி ஒண்ணை அப்படியே உள்ளே வச்சிருப்பாங்க. மரப்பெட்டியைச் செஞ்சது ஒரு ஃபர்னிச்சர் தொழிற்சாலை. ஒரே பெட்டிக்குள்ள எட்டு கேம்: பனிச்சறுக்கு, மான் வேட்டை, பட்டாம்பூச்சி பிடிக்கிறது, துப்பாக்கிக் கடை, கார் ரேஸ், ஞாபகப் போட்டி, உடைஞ்ச தண்ணிக் குழாய்க்குக் கீழே வாளி பிடிக்கிறது. எட்டாவதா முயலும் ஓநாயும்.

அந்த எட்டாவதைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், பேக்மேன்தான். ஜப்பான் நாம்கோ கம்பெனி 1980-ல விட்ட அதே கேம். மஞ்ச உருண்டைக்குப் பதிலா முயல், பேய்க்குப் பதிலா ஓநாய். ரஷ்யாவுல 1969-லேர்ந்து வந்த ஒரு கார்ட்டூன் தொடர்ல ஓநாய் முயலைத் துரத்திக்கிட்டே இருக்கும். கிழக்கு ஜெர்மனிப் பசங்களுக்கு ரெண்டு பேரும் நல்லாத் தெரிஞ்ச ஆளுங்க. சைதாப்பேட்டைப் பசங்களுக்காக பேக்மேன்ல வடிவேலுவையும் பார்த்திபனையும் போட்ட மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

ஒரு பெட்டியோட விலை 22,000 மார்க் அளவுக்கு இருந்துச்சு. அந்தக் காசுக்கு ரெண்டு ட்ராபன்ட் கார் வாங்கலாம். (வாங்கலாம்னா, கார் கைக்கு வரப் பல வருஷம் காத்துக்கிட்டும் இருக்கணும்.) அதனால தனி ஆள் யாரும் வாங்கலை. தொழிற்சங்கத்தோட விடுமுறை இல்லங்கள், இளைஞர் மன்றங்கள்னு கொண்டு போய் வச்சாங்க. ஒரு ஆட்டத்துக்கு ஐம்பது ஃபெனிக். நம்ம கணக்குல எட்டணா.

மொத்தமாச் செஞ்சதே ஏறத்தாழ ரெண்டாயிரம் பெட்டின்னு சொல்வாங்க. 1990-ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாச்சு. மேற்கிலேர்ந்து பளபளன்னு பெட்டிகள் வந்து இறங்கினப்போ இந்த மரப்பெட்டியை யார் சீண்டுவா? பெரும்பாலானதை உடைச்சுப் போட்டுட்டாங்க. ஒரு நாடே காணாமப் போற நேரத்துல ஒரு கேம் பெட்டிக்காக யார் அழப் போறாங்க?

*

அப்படித் தப்பிச்ச பெட்டிகள்ல ஒண்ணு பெர்லின்ல இருக்கிற கணினி விளையாட்டு அருங்காட்சியகத்துல இருக்கு. 1997-ல முதல்ல திறந்து, நடுவுல மூடி, 2011 ஜனவரியில கார்ல் மார்க்ஸ் அவென்யூவுல மறுபடி திறந்த இடம். பேரைப் பாருங்க, கார்ல் மார்க்ஸ் ஊர்ல பிறந்த பெட்டிக்கு கார்ல் மார்க்ஸ் தெருவுலயே அடைக்கலம்.

ஒரு நீண்ட வார இறுதியில பெர்லின் போயிருந்தப்போ உள்ளே நுழைஞ்சேன். கண்ணாடிக்குப் பின்னாடி வச்சுக் கும்பிடச் சொல்வாங்கன்னு பார்த்தா, ஆடவே விட்டாங்க. முயலும் ஓநாயும் எடுத்தேன். ஸ்டிக் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. சத்தம் பழைய நோக்கியா ரிங்டோனுக்குப் பெரியப்பா மாதிரி. ரெண்டே நிமிஷத்துல ஓநாய் என்னை முழுங்கிடுச்சு.

பக்கத்துல ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், மகளோட வந்திருந்தார். நான் தோத்ததும் அவர் வந்து நின்னார். மகளுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சேர்த்துச் சொன்னார். சின்ன வயசுல பால்டிக் கடலோரம் ஒரு விடுமுறை இல்லத்துல இந்தப் பெட்டி இருந்துச்சாம். வருஷத்துக்கு ரெண்டு வாரம்தான் அங்கே போவாங்களாம். கையில ஒரு நாளைக்கு ஒரு காசுதான் இருக்கும். "அப்போ மீதி நேரம்?"னு மகள் கேட்டா. "நின்னு பார்ப்போம். யார் எந்த மூலையில திரும்பணும்னு பின்னாலேர்ந்து கத்துவோம். அதுதான் உண்மையில விளையாட்டு"ன்னார்.

எனக்கு உள்ளே ஏதோ ஒண்ணு டக்குன்னு மாட்டிக்கிச்சு. ஆனா அதுக்கு முன்னாடி, அந்தப் பெட்டி இன்னும் ஓடுது பாருங்க, அது எப்படின்னு சொல்லிடறேன். அதுலதான் இந்த சேகரிப்புக்காரங்களோட நிஜமான வேலை இருக்கு.

பெட்டியைத் தூக்கிட்டு வந்து தூசி தட்டி வச்சா கேம் பிழைச்சிடாது. கேம் இருக்கிறது சிப்புல. இந்தப் பெட்டியோட நிரல் யு555ங்கிற சிப்புகள்ல இருக்கு. ஒரு சிப்புல ஒரே ஒரு கிலோபைட். உங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவை அதுல ஏத்தணும்னா சில ஆயிரம் சிப் வேணும். அந்த சிப் தலையில ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அது வழியா புற ஊதா ஒளியைப் பாய்ச்சினா எழுதினது அழியும், மறுபடி எழுதலாம். அதனாலதான் அந்த ஜன்னல் மேல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருப்பாங்க. ஸ்டிக்கர் உரிஞ்சு வெயில் பட்டுக்கிட்டே இருந்தா கேமுக்குச் சங்கு. வெயில் படாட்டியும், உள்ளே பிடிச்சு வச்சிருக்கிற மின்னூட்டம் வருஷக்கணக்குல சொட்டுச் சொட்டா கசியும். நாற்பது வருஷம் ஆச்சுன்னா எந்த நிமிஷம் எந்த எழுத்து மறையும்னு சொல்ல முடியாது. ஓலைச்சுவடியைக் கரையான் அரிக்கிற மாதிரி இதைக் காலம் அரிக்குது.

அதனால பெட்டி கிடைச்சதும் முதல் வேலை, சிப்பைப் பிடுங்கி உள்ளே இருக்கிறதைப் படிச்சு நகல் எடுக்கிறது. அந்தக் கால சிப் மூணு விதமான மின்னழுத்தம் கேட்கும். இப்போதைய கருவிகள் நிறைய அதுக்கு ஒத்து வராது. பழைய கருவியைத் தேடணும், இல்லை சொந்தமா பண்ணணும். எடுத்த நகலை மேம்ங்கிற மென்பொருள்ல ஓட்டலாம். (மேம்னா ஸ்கூல் மேம் இல்லைங்க.) இத்தாலிக்காரர் நிகோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில வெளியிட்டது. அப்புறம் ஊர் உலகத்துல இருக்கிறவங்க எல்லாம் கை கொடுத்து வளர்த்தாங்க. பழைய சிப் எப்படி நடந்துக்குமோ அப்படியே நடிச்சுக் காட்டுறதுதான் அதோட வேலை. போலி ப்ளேயோட எட்டு கேமும் இன்னைக்கு அதுல ஓடுது. நாடு போச்சு, தொழிற்சாலை போச்சு, முயல் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

இதை எல்லாம் அரசாங்கம் செஞ்சுதான்னா இல்லை. கார்ல்ஸ்ரூஹேவுல ரெட்ரோ கேம்ஸ்னு ஒரு பதிவு பெற்ற சங்கம், 2002-ல ஆரம்பிச்சது. வேலை முடிஞ்சு வந்து சால்டரிங் அயர்னைப் பிடிக்கிற ஆளுங்க. பழைய பெட்டிகளை ரிப்பேர் பண்ணி, பூட்டி வைக்காம, வர்றவங்களை ஆட விடுறாங்க. மாஸ்கோவுல இதைவிட ருசியான கதை. சில கல்லூரிப் பசங்க பழைய சோவியத் கேம் மெஷின்களைக் குப்பையிலேர்ந்தும் பூங்காவிலேர்ந்தும் பொறுக்கிட்டு வந்து, 2007-ல ஒரு ஹாஸ்டல் நிலவறையில அருங்காட்சியகமே ஆரம்பிச்சுட்டாங்க. டிக்கெட் வாங்கினா செல்லாத பதினஞ்சு கோபெக் சோவியத் காசைக் கையில கொடுப்பாங்க, மெஷின்ல போட்டு ஆட. ஏன்னா அந்த மெஷினுக்கு வேற காசு தெரியாது.

அந்தக் காசைப் பாருங்க. சேகரிப்புச் சங்கங்கள்ல பெரும்பாலும் உள்ளே நுழைய ஒரு தொகையை வாங்கிக்கிட்டு பெட்டியை இலவசமா ஓட விடுவாங்க. பட்டனை அமுக்கினா ஆட்டம், தோத்தா மறுபடி பட்டன். 1985 சட்டத்துக்கு உறுத்தினதே "காசு கொடுத்து"ங்கிற விஷயம்தான். அந்த உறுத்தல் போயிடுச்சு. ஆனா காசு போனதும் இன்னொண்ணும் கூடவே போயிடுது. தோத்தா நிஜமாவே தோத்துட்டோம்ங்கிற வயித்துக் கலக்கல். கையில மிச்சம் இல்லாததால ஒதுங்கி நின்னு அடுத்தவன் ஆடுறதைப் பார்க்கிறது. பால்டிக் கடலோரத்துல அந்தப் பையனைப் பெட்டிக்குப் பின்னால நிறுத்தி வச்சது அந்த ஐம்பது ஃபெனிக்தான். எல்லாருக்கும் எல்லாமே இலவசம்னா யார் பின்னால நிப்பாங்க?

*

இங்கேதான் கொசுவத்தி சுத்துது, மன்னிக்கணும் :-)

மன்னார்குடியில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சந்து. 2005 வாக்குல அங்கே ஒரு வீடியோ கேம் கடை. பக்கத்துலயே அவரோட வாடகை சைக்கிள். உள்ளே நாலு பெட்டி, ஒரு காயின் ஒரு ரூபாய். பெட்டி வெளிநாட்டுல செஞ்சது இல்லை, நம்ம ஊர் ஆசாரி ப்ளைவுட்டுல அடிச்சது. மேலே மைக்கா. உள்ளே பழைய டிவியோட பிக்சர் ட்யூப். போர்டு மட்டும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து வாங்கிட்டு வருவார்னு சொல்வாங்க. நாலு பெட்டியில மூணு சும்மா கிடக்கும். கூட்டம் மொத்தமும் நாலாவதுல. முஸ்தபா கேம்.

தமிழ்நாட்டுல தொண்ணூறுகள்லயோ ரெண்டாயிரத்துலயோ பையனா இருந்தவங்க இந்த இடத்துல தலையாட்டுவீங்கன்னு தெரியும். அதோட நிஜப் பேரு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். 1993-ல ஜப்பான் கேப்காம் விட்டது. மார்க் ஷுல்ட்ஸ் வரைஞ்ச ஒரு அமெரிக்கக் காமிக்ஸ்லேர்ந்து எடுத்த கதை. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ்னு நாலு பேர்ல ஒருத்தரை எடுக்கலாம், ஒரே நேரத்துல மூணு பேர் ஆடலாம். கேடிலாக்னா என்னன்னு எங்களுக்கு யாருக்கும் தெரியாது. முஸ்தபா தெரியும். தொப்பி போட்டவன், ஓடி வந்து உதைப்பான். ஏ.ஆர். ரகுமான் புண்ணியத்துல அந்தப் பேரு ஏற்கெனவே ஊருக்கே மனப்பாடம். அதனால கேமோட பேரே முஸ்தபா ஆயிடுச்சு. சென்னை, மதுரை, நாகர்கோவில்னு எந்த ஊர் நண்பனைக் கேட்டாலும் அதே பேரு. கூட்டம் போட்டு யாரும் முடிவு பண்ணலை.

இந்த கேமும் ஒரு வகையில அரிய பொருள்தான். காமிக்ஸ் உரிமை, பேர் உரிமைன்னு சிக்கல் உள்ளது. வந்த காலத்துல எந்த வீட்டு கன்சோலுக்கும் இது வரலை. 2018-ல கேப்காம் தன்னோட பழைய அடிதடி கேம் ஏழை ஒரே தொகுப்பாப் போட்டுச்சு. அதுலயும் முஸ்தபா இல்லை.

அதைவிட வேடிக்கை அசல் போர்டு. அதுல ஒலியைப் பார்த்துக்கிற சிப்போட நிரலைப் பூட்டி, சாவியை ஒரு பேட்டரியோட தயவுல வச்சிருந்தாங்க. நகல் எடுக்கிறவங்களைத் தடுக்கத்தான். பேட்டரி தீர்ந்தா சாவி அழிஞ்சிடும், அப்புறம் அந்த போர்டு ஒழுங்கா ஓடாது. சேகரிக்கிறவங்க இதுக்குத் "தற்கொலை பேட்டரி"ன்னே பேரு வச்சிருக்காங்க. ஆனா திருட்டு போர்டு பண்ணினவங்க அந்த ஒலிப் பகுதியையே கழட்டிட்டு, மலிவான வேற சிப்பைப் போட்டாங்க. சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்கும். ஆனா பூட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. அதனால அசல் செத்துப் போனாலும் போலி ஓடும். திருட்டை நியாயப்படுத்தலைங்க. ஆனா சரித்திரத்தை யார் காப்பாத்துறாங்கன்னு பார்த்தா சில நேரம் இப்படியும் ஆயிடுது.

பெர்லின்லேர்ந்து திரும்பி வந்த வாரம், மன்னார்குடியில இருக்கிற நண்பனுக்கு வாட்ஸப் பண்ணினேன். அந்தக் கடைக்கார அண்ணன் இருக்காரா, அந்தப் பெட்டி என்னாச்சுன்னு கேளுடா. ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. அண்ணன் நல்லா இருக்கார். கடை இப்போ மொபைல் ரீசார்ஜ் கடை. போர்டை எல்லாம் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டாச்சு. பிக்சர் ட்யூபுக்குத் தனியா நூறு ரூபாய் கிடைச்சுதாம். பெட்டி? ரெண்டு பெட்டியைக் கவுத்துப் போட்டு, முன்னால கம்பி வலை அடிச்சு, கொல்லையில கோழிக்கூடு ஆக்கிட்டார். காயின் போடுற ஓட்டை இன்னும் இருக்காம். நண்பன் போட்டோ அனுப்பினான். அந்த ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கோழி.

"இதையெல்லாம் எவன் வந்து கேட்பான்னு நினைச்சேன்"னாராம் அண்ணன்.

எனக்கு அவர் மேல கோபமே வரலை. ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வச்ச மனுஷன். பெட்டி அவருக்குத் தொழில், தொழில் போனா பலகை. கிழக்கு ஜெர்மனியில உடைச்சுப் போட்டவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. இவர் கோழிக்காவது பயன்படுத்தினார்!

*

சரி, என் கேள்விக்கு வர்றேன். எதைக் காப்பாத்துறாங்க?

முஸ்தபா கேமோட நிரல் பத்திரமா இருக்கு. அசல், திருட்டு ரெண்டுமே மேம்ல இருக்கு. இன்னும் நூறு வருஷம் போனாலும் யாராவது அதை ஓட்டலாம். ஆனா அந்த நிரலை ஒரு எழுத்து விடாம துழாவினாலும், ஒரு மாநிலமே அதை "முஸ்தபா கேம்"னு கூப்பிட்டதுங்கிற விஷயம் அதுல கிடைக்காது. கடைசி லைஃப்ல பாஸ்கிட்ட மாட்டிக்கிட்டவன், பின்னால நிக்கிற பெரிய பையன்கிட்ட ஸ்டிக்கை ஒப்படைக்கிறது கிடைக்காது. காசே இல்லாம தினமும் வந்து, எந்த ட்ரம்முக்குள்ள சாப்பாடு இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போற அந்த நாலாங்கிளாஸ் பொடியன் கிடைக்க மாட்டான். (அவன் இப்போ துபாய்ல இருக்கானாம்.) யாரோட அப்பா சந்துக்குள்ள வர்றார்னு வாசல்ல நின்னு சிக்னல் கொடுக்கிற ட்யூட்டி கிடைக்காது.

ஜெர்மன்காரங்களுக்குப் பெட்டி கிடைச்சுது, காகிதமும் கிடைச்சுது. சட்டம் போட்டதால தேதி இருக்கு, ஷரத்து இருக்கு. பட்டியல் போட்டதால எந்த கேமைப் பார்த்து யார் பயந்தாங்கன்னு எழுத்துல இருக்கு. கிழக்குல அரசாங்கம் செஞ்சதால விலை இருக்கு, தொழிற்சாலைப் பேரு இருக்கு. பயந்தவங்களும் அதிகாரம் பண்ணினவங்களும் எழுதி வச்சிட்டுப் போன குறிப்பை வச்சுத்தான் இன்னைக்கு சேகரிக்கிறவங்க வழி கண்டுபிடிக்கிறாங்க. நம்ம ஊர்ல யாரும் தடையும் பண்ணலை, தயாரிக்கவும் இல்லை. விளக்குமாத்துக்குத் தேதி கிடையாது. ரசீது இல்லாம வந்த போர்டு, எடைக்குப் போயிடுச்சு.

அதனால நம்ம பக்கம் பெட்டியைத் தேடி அலையறதுல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எங்கேயாவது ஒரு கிட்டங்கியில ஒண்ணு ரெண்டு கிடந்தா சந்தோஷம், போட்டோவாவது எடுத்து வைங்க. ஆனா நம்மகிட்ட ஜெர்மன்காரங்களைவிட அதிகமா ஒண்ணு இருக்கு. ஆளுங்க. கடை வச்ச அண்ணன்கள் இன்னும் இருக்காங்க. பெட்டி அடிச்ச ஆசாரி இருக்கார். ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு வித்தவர் யாராவது இருப்பார். பின்னால நின்னு கத்தினவங்க, நீங்களும் நானும், இருக்கோம்.

ஆகவே பதிவுலக மக்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ உங்க வீடியோ கேம் கடைக்காரரைத் தேடிப் பிடிச்சு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. ஒரு காயின் எவ்வளவு, எந்த வருஷம் ஏத்தினீங்க, போர்டு எங்கே வாங்கினீங்க, ரிப்பேர் யார் பண்ணினாங்க, போலீஸ் வந்துச்சா, எந்த கேமுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு கேளுங்க. கேட்டதை உங்க பதிவுல போடுங்க. ஸ்டைலா எழுதணும்னு இல்லை, கேட்டபடியே போட்டா போதும். நான் மன்னார்குடி அண்ணன்கிட்ட அடுத்த ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பேச நேரம் கேட்டிருக்கேன். "காயின் போடணுமா"ன்னு கேட்டுச் சிரிச்சாராம்.

பி.கு: மூணாவது ஸ்டேஜ்ல கார் வரும் பாருங்க, அதை யார் ஓட்டுறதுன்னு சண்டை போட்டு ஆறு மாசம் பேசாம இருந்த ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் இதைப் படிப்பாங்க. கார் மூணு பேருக்கும் பொதுதான் மக்கா, இப்போவாவது சமாதானம் ஆகிக்குங்க.